கோணல் தெப்பம்

என் வீட்டுக்காரருக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊருக்கு ஆற்றில் தெப்பம் விட்டவர் அவர்தான்.

எங்கள் ஊர் ஆரணியாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. வேலை, பஸ், ஆஸ்பத்திரி, வாயில் வைக்கக்கூடிய பிரியாணி எல்லாம் வடக்கே இருக்கின்றன. நடுவில் ஒரு தரைப்பாலம். வருஷத்தின் பெரும்பகுதி அந்தப் பாலத்தில் நாய்கள் படுத்திருக்கும். வண்டி வந்தால்கூட எழுந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அப்போது வடக்கே போக வேண்டியவர்கள் மெயின் ரோட்டுப் பெரிய பாலம் வரை போய், அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கம்பெனி பஸ் யாருக்காகவும் ஒன்றரை நிமிஷம்கூட நிற்காது.

இதில் அதிகமாக அவதிப்பட்டது என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் வேலை. ஒரு லைனுக்கு அவள்தான் லீடர். வீட்டில் அவள் குரலைக் கேட்பதே அபூர்வம். குழம்பில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டாள், எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கம்பெனியில் அவள் ஒரு சத்தம் போட்டால் மெஷின் சத்தத்தையும் மீறி லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் என்று அவளோடு வேலை செய்யும் பெண்கள் சொன்னபோது, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு மழைக்காலத்தில், ஷூவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மூழ்கிய தரைப்பாலத்தின் மேல் மார்பளவுத் தண்ணீரில் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கரையில் நின்று கத்தினார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். அவள் திரும்பி வந்து, ஏதாவது வழி பண்ணு, இல்லையென்றால் நாளைக்கும் இப்படித்தான் போவேன் என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் ஒரு வருஷத்தில் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் பழுது பார்க்கும் ஃபிட்டர். எந்தப் பிரச்சினைக்கும் கம்பிக்கயிறும் உருளையும்தான் பதில் என்று நினைப்பவர். ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். எந்த நாடோ தெரியவில்லை, எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். அங்கே ஒரு படகு, இன்ஜின் இல்லாமல், துடுப்பு இல்லாமல், யாரும் தள்ளாமல் ஆற்றைத் தாண்டிப் போனது. ஆற்றின் இழுப்பே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுமாம். சாப்பிடும்போதும் அந்த வீடியோ, படுக்கும்போதும் அந்த வீடியோ. வேறொரு பெண்ணின் வீடியோவாக இருந்திருந்தால் என்னால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

அதன் சூட்சுமத்தை எனக்கு அவர் விளக்கியது சோறு போட்ட தட்டில், முருங்கைக்காயை வைத்து. கரைக்குக் கரை ஒரு கம்பிக்கயிறு. அதன் மேல் ஓடும் ஒரு உருளை. உருளையிலிருந்து இரண்டு நைலான் கயிறுகள் தெப்பத்துக்கு வரும், ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. முன்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பின்கயிற்றை நீளமாக விட்டால் தெப்பம் ஆற்றில் கோணலாக நிற்கும். ஓடி வரும் தண்ணீர் அந்தக் கோணலில் மோதித் தெப்பத்தைத் தள்ளும். கயிறு பிடித்திருப்பதால் அது ஆற்றோடு போக முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து அக்கரைக்குப் போய்விடும். திரும்பி வர, கயிறுகளை மாற்றிப் பிடித்தால் போதும். இரண்டு கயிறும் ஒரே அளவாக இருந்தால்? தெப்பம் பார்க்க அழகாக நேராக நிற்கும், நின்ற இடத்திலேயே நிற்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த முருங்கைக்காயைத் தின்றுவிட்டதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காயலான் கடையிலிருந்து நீல டிரம்கள் வந்தன. ஜூஸ் கம்பெனியில் இருந்த டிரம்கள். எவ்வளவு கழுவியும் மாம்பழ எசென்ஸ் வாசனை போகவில்லை. மேலே போட, சரக்கு வைத்து அனுப்பும் மரப்பலகைகள். எல்லாம் கட்டி முடித்ததும் பூஜை போட வேண்டும் என்றார் என் மாமியார். புது வண்டி வாங்கினால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும், அதுதானே முறை. தெப்பத்துக்குச் சக்கரம் எங்கே? பூசாரிக்கே குழப்பம். நாலு மூலை இருக்கிறதே, அது போதும் என்று மாமியார் தீர்ப்பு சொன்னார். நாலு மூலைக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்து, தெப்பத்தைத் தள்ளி இறக்கினார்கள். நாலு பழமும் நசுங்காமல் வழுக்கி வெளியே வந்து, வரிசையாக, கடலைப் பார்த்துப் போய்விட்டன. பழம் நசுங்காவிட்டால் திருஷ்டி கழியவில்லை என்று அர்த்தம். மாமியார் அன்றிலிருந்து அந்தத் தெப்பத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

முதலில் ஏறியது என் நாத்தனார்தான். யூனிஃபார்ம், ஐடி கார்டு, கையில் டிபன் பை. தெப்பம் கோணலாகத் திரும்பி, சத்தமே இல்லாமல், அவளை அக்கரையில் கொண்டுபோய் விட்டது. கரையில் நின்ற நாங்கள் கை தட்டினோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். இரண்டு நாளில் எந்தக் கயிற்றை எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கரையோரத்தில் ஆற்றுக்கு இழுப்பு குறைவு என்பதால், கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு எங்கள் கரையிலிருந்து இழுத்துக்கொள்ளத் தெப்பத்தில் ஒரு இழுகயிறு வேண்டும் என்று யோசனை சொன்னவளும் அவள்தான். ஊரில் அதற்கு ஷேர் ஆட்டோ என்று பேர் வைத்தார்கள், ஏனென்றால் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும்.

ஏறியவர்கள் எல்லோரும் யோசனையும் சொன்னார்கள். எல்லாம் ஒரே யோசனை. எதற்குத் தெப்பம் கோணலாகப் போகிறது, கொஞ்சம் நேராக வைத்தால் இன்னும் சீக்கிரம் போகுமே? பால்காரர் சொன்னார், பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். வீட்டில் எனக்கு ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வடக்கே, தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில், நஞ்சை நிலம் உள்ள குடும்பம். பையன் நல்லவன், குடி கிடையாது, பேசுவதும் கிடையாது. அவர்கள் வீட்டு வாசலில்தான் என் நாத்தனாரின் கம்பெனி பஸ் போகிறது. அவள் வேலைக்கு இதைவிட வசதியான மாமியார் வீடு இந்த ஜில்லாவில் கிடைக்காது. ஆனால் பையனின் அம்மா தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: எங்கள் வீட்டு மருமகள்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை. என் மாமனார் அதற்கு ஃபோனிலேயே, அதனால் என்ன, நிறுத்திவிட்டால் போச்சு என்று சொல்லிவிட்டார். கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார் மாமனார். அவள் பின்வாசலில் கடாய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், அடிப்பிடித்த கறுப்பு போய், நாங்கள் வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாக வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, வர்ற மாசம் எனக்கு ரெண்டாவது லைனையும் சேத்துக் குடுக்கறாங்க," என்றாள் கடாயைப் பார்த்தபடி. "இத நான் யாராண்ட சொல்றது?"

கல்யாணத்துக்கு முன்னால் நானும் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் செக்ஷனில் இருந்தவள்தான். என் நிச்சயதார்த்தத்தில், பொண்ணு வேலைக்கெல்லாம் போகாதுங்க என்று என் அப்பா சொல்ல, அதுவே எங்களுக்கும் சந்தோஷம் என்று இதே மாமனார் சொல்ல, என் வேலை இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நான் அப்போது பக்கத்து அறையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். அப்பா வாக்கு கொடுத்துவிட்டார் என்றார். நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் எழுந்து, கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆற்றுக்குப் போய்விட்டார். இது அவர் வழக்கம். வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவருக்கு எங்கேயாவது ஒரு கயிறு இருக்கும்.

நிச்சயதார்த்தம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஆற்றில் நல்ல வெள்ளம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேனில் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல சகுனம் வரும்வரை வேனை எடுக்க விடவில்லையாம். ஒரு சுமங்கலி எதிரே வர வேண்டும் என்று காத்திருந்ததில், அந்தத் தெருவில் அன்றைக்குப் பார்த்து ஆண்களாகவே வந்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்பியபோதே பதினொன்றை நெருங்கிவிட்டது. இனிச் சுற்றினால் எமகண்டத்தில்தான் வந்து சேர முடியும். ஆகவே வடகரைக்கு வந்து இறங்கிவிட்டார்கள். தெப்பம் போயாக வேண்டும்.

அன்று காலையிலேயே என் மாமியார் ஒரு காரியம் செய்திருந்தார். என் வீட்டுக்காரர் தெப்பத்துக்குப் போகும்போதெல்லாம் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பார். நிச்சயத்துக்கு ஆள் கூட்டி வரப் போகிறவன் இடுப்பில் கத்தியா என்று அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

தெப்பத்தில் என் வீட்டுக்காரரும் மாமனாரும் போனார்கள். சம்பந்தி வீட்டாரை வெறுங்கையோடு எதிர்கொள்ளக் கூடாது என்பதால் மாமனார் கையில் வெற்றிலை, பாக்கு, பழம், கல்கண்டு வைத்த ஒரு தட்டு. நான் எங்கள் கரையில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். என் நாத்தனார் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள்; பட்டுப்புடவையை முட்டி வரை தூக்கிச் சொருகிக்கொண்டு இழுகயிற்றைப் பிடித்து நின்றாள். வழக்கமாக இழுகயிறு பிடிப்பவருக்கு அன்று கம்பெனியில் ஓ.டி. கல்யாணப் பெண் ஆற்றங்கரையில் நிற்பதா என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அப்படியானால் நீயே இழு என்று அவள் கயிற்றை நீட்டியதும் மாமியார் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

தெப்பத்தில் நடந்ததை எங்கள் கரையிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. பேச்சையெல்லாம் என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் ஏறும்போது மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை ஓரமாக நின்றார். தாய்மாமன் முன்பக்கம் கயிற்றருகே நின்றார். அவர் இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருந்தார். ஒன்று நேரம் பார்க்க, இன்னொன்று முதல் வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. அப்படிப்பட்ட மனிதர் ஆற்றில் பாதி தூரம் போனதும் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, சுப காரியத்துக்குப் போய்க்கினு இருக்கோம். இப்டி கோணலா போலாமா? நேரா வைப்பா," என்றாராம்.

பால்காரருக்கும் வாத்தியாருக்கும் ஆட்டுக்காரருக்கும் அத்தனை தடவை விளக்கிய என் வீட்டுக்காரருக்கு அப்போது வாயில் கொழுக்கட்டை. பெண்ணின் அண்ணன், நிச்சயத்தன்று, மாப்பிள்ளையின் தாய்மாமனை எதிர்த்துப் பேசுவதா? கொஞ்ச நேரம் நேராக வைப்போம், அவர் மனசு குளிரட்டும், பிறகு மெதுவாகக் கோணலாக்கிக்கொள்வோம் என்று நினைத்து, கயிறுகளை ஒரே அளவாக இழுத்துவிட்டார். கம்பெனியில் கிரேன் ஏறி வேலை செய்கிற ஆள். மூளையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கயிறு திரும்ப நழுவிவிடப் போகிறதே என்று தாய்மாமன் தாமே குனிந்து, இரண்டு கயிற்றையும் ஒரே முளையில் சேர்த்துக் கட்டினார். சுப காரியம் அல்லவா? மூன்று முடிச்சு.

தெப்பம் நேராக நின்றது. இவ்வளவு நாளில் அது அவ்வளவு லட்சணமாக நின்று நான் பார்த்ததில்லை. என் நாத்தனார் மட்டும், "ஐயோ, நேரா வெச்சிட்டாங்க," என்றாள்.

நின்றுவிட்டது என்பதே தெப்பத்தில் இருந்தவர்களுக்குச் சற்று நேரம் தெரியவில்லை. இப்போது பார், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தாய்மாமன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கரையில் இருந்த வேப்பமரம் ரொம்ப நேரமாக அதே இடத்தில் இருக்கிறதே என்று சீர்த்தட்டுப் பெண்களில் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தமே அவர்கள் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் திறக்காமலே, வந்தாச்சா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த நைலான் கயிறு, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஆறு. நகத்தால் முயன்றார், பல்லால் முயன்றார். கை இடுப்புக்குப் போனது; கத்தி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கரையில் மாமியார் தேங்காயும் கையுமாக வந்து நின்று, அந்த நாலு எலுமிச்சம்பழத்தை நினைத்து அழ ஆரம்பித்தார்.

அப்போது தாய்மாமன் வாட்சைப் பார்த்தார். பிறகு இன்னொரு வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். நடு ஆற்றில், நீந்தத் தெரியாத ஒருவர் ஓட்டும் தெப்பத்தில், எமகண்டம். அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டதாம். உடனே அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார்: பெண்ணின் அப்பா இருக்கிறார், பையனின் அம்மா இருக்கிறார், இந்தப் பக்கம் ஒரு தட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் தட்டுகள் இருக்கின்றன. இங்கேயே மாற்றிவிடுவோம்.

மாமனாரும் தட்டைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார். ஆற்று நடுவில் அவசரத்தில் மாற்றினார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, பெண்ணை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார். அந்த அம்மாள் கேட்டது பெண்ணுக்காக இல்லை, ஊர் வாய்க்காக. பரவாயில்லை, கேட்டாரே.

தாய்மாமன் இரண்டு கையையும் வாயில் குவித்து எங்கள் கரையைப் பார்த்துக் கூவினார்.

"பொண்ணுக்குச் சம்மதமா?"

கரையில் ஊரே நின்றது. இழுகயிற்றைப் பிடித்து இழுக்க ஆண்கள் வரிசையாக வந்து என் நாத்தனாருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அவள் சொன்னால் இழுக்க வேண்டியதுதான். அவள் இழுக்கச் சொல்லவில்லை. கயிற்றைப் பக்கத்திலிருந்த கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, கேக்கறாங்க இல்ல?"

"ஆமா, கேக்கறாங்க," என்றேன்.

அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்தக் கம்பெனிப் பெண்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. வெள்ளச் சத்தம், கரைச் சத்தம், மாமியாரின் அழுகை எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல் போனது.

"சம்மதம். ஆனா நான் வேலைய உட மாட்டேன். அதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டார். தெப்பத்தில் மாமனார் கையிலிருந்த தட்டு ஆடியது; ஒரு வாழைப்பழம் உருண்டு ஆற்றில் விழுந்து எலுமிச்சம்பழங்கள் போன வழியே போனது. முதலில் கை தூக்கியது மாப்பிள்ளை. யூனியன் மீட்டிங்கில் தூக்குகிற மாதிரி நன்றாக, உயரமாகத் தூக்கினார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. எல்லோரும் அவர் அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

இதை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் சொல்ல, தாய்மாமன் அதை எங்களுக்குக் கூவினார். என் நாத்தனார் இந்தத் தடவை கத்தவில்லை, ஆனாலும் கேட்டது.

"ஊட்டுக்கு வந்தா எங்க நைனாதான் பேசுவாரு. இங்கயே சொல்லுங்க."

அந்த அம்மாள் தண்ணீரைப் பார்த்தார். முளையில் இருந்த மூன்று முடிச்சைப் பார்த்தார். தம்பியின் இரண்டு வாட்சையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் கூவச் சொல்லாமல், தாமே கத்தினார்.

"பஸ்ஸு எங்க ஊட்டு வாசலாண்டதான் போவுது. போய்ட்டு வாம்மா. மொதல்ல கயித்த இழு."

தட்டு மாறியது. வலது வாட்ச்படி எமகண்டத்துக்கு முன்னால், இடது வாட்ச்படி பின்னால். வலதைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவானது. என் நாத்தனார் தூணிலிருந்து சுற்றை அவிழ்த்துக் கயிற்றைப் பின்னால் இருந்தவர்கள் கையில் கொடுத்தாள். எல்லோரும் இழுத்தார்கள், நானும் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு இழுத்தேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை எரிகிறது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் என் கல்யாணத்தில்கூட எதையும் பிடித்ததில்லை. தெப்பம் கரை தட்டியதும் தாய்மாமன் முதலில் இறங்கி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று முடிச்சை அறுக்க அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கத்தியைக் கொண்டு வந்தது என் மாமியார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, நாய்கள் பாலத்துக்குத் திரும்பிவிட்டன. என் நாத்தனார் இப்போது இரண்டு லைனுக்கு லீடர். நிலம் நீச்சு இருக்கிற வீட்டில் மருமகளை எதற்கு வேலைக்கு அனுப்புகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவள் மாமியார் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாராம்: ஆற்று நடுவில் நின்று வாக்கு கொடுத்திருக்கிறேன், மாற்றினால் அந்தத் தண்ணீர் சும்மா விடுமா? மருமகள் தலை வாரி முடிக்கவில்லை என்றால் வாசலில் நின்று கம்பெனி பஸ்ஸையே நிறுத்தி வைக்கிறாராம். எங்கள் ஊருக்காக ஒரு நாளும் நிற்காத பஸ் அது.

எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான். என் நிச்சயதார்த்தம் மின்விசிறி போட்ட மண்டபத்தில், காய்ந்த தரையில், நல்ல நேரத்தில், ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யாருக்கும் என்னை எதுவும் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்த வருஷமும் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பாலம் மூழ்கியது, தெப்பத்தை இறக்கினார்கள். எங்கள் மகளும் முழு நாள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்க ஆள் எடுப்பதாக நாத்தனார் ஃபோன் பண்ணிச் சொன்னாள். அதை வீட்டுக்காரரிடம் சொல்ல நான் ஆரம்பித்த மூன்று தடவையும் அவர் எழுந்து போய்விட்டார். ஒரு தடவை கயிறு, ஒரு தடவை உருளை, ஒரு தடவை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததாம்.

நேற்று சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைக் கூட்டி வர வெறும் தெப்பத்தோடு வடகரைக்குக் கிளம்பினார். அக்கரையில் கடைக்குப் போக வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன். பாதி ஆறு வந்ததும் எழுந்து போய், பின்கயிற்றை இழுத்து முன்கயிற்று அளவுக்குக் கொண்டு வந்து கட்டினேன். மூன்று முடிச்சு போடவில்லை. தட்டினால் அவிழும் ஒரே முடிச்சு. தட்ட வேண்டியது நான். தெப்பம் லட்சணமாக நேராக நின்றது.

"இன்னா பண்ற நீ?" என்றார்.

"வேலைக்குப் போலாம்னு இருக்கேன். அதப் பத்திப் பேசணும்."

"இத ஊட்ல பேசக்கூடாதா?"

"ஊட்ல பேசினா நீ எழுந்து போயிடுவ."

அவர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், இரண்டு கரையையும் பார்த்தார். பிறகு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.